பிஞோன் ஃபிக்ஸ்: பெடலை நிறுத்த முடியாத சைக்கிளின் கதை

பிரெஞ்சில் 'பிஞோன் ஃபிக்ஸ்' என்று ஒரு சொல் உண்டு. பிஞோன் என்றால் சின்னப் பல்சக்கரம். ஃபிக்ஸ் என்றால் அசையாமல் பொருத்தியது. பின்சக்கரத்தோடு சேர்த்து இறுக்கிவிட்ட பல்சக்கரம் உள்ள சைக்கிளுக்கு அந்தப் பெயர். ஆங்கிலத்தில் ஃபிக்ஸட் கியர் என்பார்கள். இன்றைய பிள்ளைகள் செல்லமாக 'ஃபிக்ஸி' என்கிறார்கள்.

நாம் ஓட்டிப் பழகிய சைக்கிளில் மிதிப்பதை நிறுத்தினால் கால் ஓய்வெடுக்கும், வண்டி 'டிக் டிக்' என்ற ஓசையோடு தானே உருண்டு போகும். அந்த ஓசை ஃப்ரீவீலுக்குள் இருக்கும் சின்ன நாக்குகள் பற்களில் தட்டி எழுவது. ஃபிக்ஸட் சைக்கிளில் அந்த நாக்குகள் கிடையாது. சக்கரம் சுற்றும்வரை பெடலும் சுற்றும், பெடல் சுற்றும்வரை காலும் சுற்றியாக வேண்டும். காலைப் பின்னோக்கி அழுத்தினால் வேகம் குறையும். முன்சக்கரத்திலேயே பெடல் உள்ள குழந்தைகளின் மூன்று சக்கர வண்டியை நினைத்துக்கொள்ளுங்கள், அதே கணக்குதான்.

என் அக்காவின் பேரன் பாரீசுக்கு வெளியே ஒரு புறநகரில் இருக்கிறான். அக்கா வீட்டுக்காரர் பிரெஞ்சு ராணுவத்தில் சொல்தாவாக இருந்தவர். புதுச்சேரியில் அப்படிப் பல குடும்பங்கள் உண்டு, பாதி இங்கே, பாதி அங்கே. இந்தப் பையன் பழைய சாமான் சந்தையில் 40 யூரோவுக்கு ஒரு ஸ்டீல் ரேஸ் சைக்கிள் வாங்கி, கியர்களைக் கழற்றிவிட்டு ஃபிக்ஸியாக மாற்றிக்கொண்டிருக்கிறான். ஒவ்வொரு ஞாயிறும் போட்டோ அனுப்புகிறான். "இதுதான் தாத்தா அசல் சைக்கிள். ஆரம்பத்தில் எல்லாமே இப்படித்தான் இருந்ததாம். கியரெல்லாம் பின்னால் வந்த சோம்பேறித்தனம்" என்று எழுதியிருந்தான்.

அரசு அலுவலகத்தில் கோப்புகளோடு வாழ்ந்தவனுக்கு ஒரு பழக்கம் ஒட்டிக்கொள்ளும். "ஆரம்பத்திலிருந்தே இப்படித்தான்" என்று யாராவது சொன்னால், கோப்பைப் பின்னோக்கிப் புரட்டி முதல் குறிப்பை எழுதியவர் யார் என்று பார்ப்பேன். பெரும்பாலும் அங்கே ஒரு காரணம் இருக்கும், அது எப்போதோ காலாவதியாகி இருக்கும். பையன் சொன்னதையும் அப்படித்தான் புரட்டிப் பார்த்தேன்.

காலே பிரேக்காக இருந்த காலம்

1860களில் பாரீசில் மிஷோ குடும்பத்தார் விற்ற சைக்கிளில் பெடல் முன்சக்கரத்தின் அச்சிலேயே இருந்தது. சங்கிலியே கிடையாது. ஒரு மிதிச் சுற்றுக்கு ஒரு சக்கரச் சுற்று. அதிக தூரம் போக வேண்டுமானால் சக்கரத்தைப் பெரிதாக்குவதுதான் ஒரே வழி. அப்படி வளர்ந்து வளர்ந்து ஆள் உயரத்துக்கு வந்ததுதான், பழைய படங்களில் நாம் பார்க்கும் பெரிய சக்கர வண்டி. பிரெஞ்சில் அதற்கு 'கிராண் பி' என்று பெயர்.

1885இல் இங்கிலாந்தில் ஜான் கெம்ப் ஸ்டார்லி செய்த ரோவர் சைக்கிள் அந்த உயரத்தைத் தரைக்கு இறக்கியது. பெடலை நடுவில் வைத்து, செயின் போட்டுப் பின்சக்கரத்தை ஓட்டினார். பல்சக்கரங்களின் அளவை மாற்றினால் போதும், சக்கரத்தைப் பெரிதாக்க வேண்டியதில்லை. 1888இல் டன்லப்பின் காற்றடைத்த டயர் வந்தது. இன்றைய சைக்கிளின் உருவம் அங்கேயே முடிவாகிவிட்டது.

ஆனாலும் ஃப்ரீவீல் வரவில்லை. அதற்கான யோசனையும் காப்புரிமையும் முன்பே இருந்தாலும், பொதுமக்கள் கைக்கு அது வந்து சேர்ந்தது 19ஆம் நூற்றாண்டின் கடைசி இரண்டு மூன்று வருடங்களில்தான். அதுவரை இறக்கத்தில் போகிறவர்கள் சுழலும் பெடலிலிருந்து காலைத் தூக்கி, முன் ஃபோர்க்கில் இதற்கென்றே வைத்த சின்னப் படிகளில் வைத்துக்கொள்வார்கள். பெடல்கள் வெறித்தனமாகச் சுற்றிக்கொண்டிருக்கும். ஃப்ரீவீல் வந்தபோது மக்கள் தயங்காமல் அதற்கு மாறியதற்கு இதுவே காரணம். ஃபிக்ஸட் சைக்கிளை அதுவரை யாரும் கொள்கைக்காக ஓட்டவில்லை. வேறு இல்லை, ஓட்டினார்கள்.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். ஃப்ரீவீல் வந்ததும் காலால் வேகத்தைக் குறைக்கும் வழி போய்விட்டது. ஆகவே நல்ல பிரேக் கட்டாயமானது. ரிம்மைப் பிடிக்கும் பிரேக்கும், பெடலைப் பின்னால் மிதித்தால் பிடிக்கும் ஹப் பிரேக்கும் அந்தக் காலத்தில்தான் பரவின. ஃப்ரீவீலும் பிரேக்கும் கூடவே வளர்ந்த இரட்டைப் பிள்ளைகள்.

ஒரு குமாஸ்தா போட்ட சட்டம்

இப்போது கதைக்குள் ஆன்ரி தெக்ராஞ்ஜ் வருகிறார். தூர் தெ ஃபிரான்ஸ் பந்தயத்தை 1903இல் தொடங்கிய 'லோட்டோ' பத்திரிகையின் ஆசிரியர். அவரும் ஆரம்பத்தில் பாரீசில் ஒரு சட்ட அலுவலகக் குமாஸ்தா. ஆடுதசை தெரிய சைக்கிள் ஓட்டிக்கொண்டு வருகிறார் என்று கட்சிக்காரர் ஒருவர் புகார் செய்ததால் வேலை போனது என்று சொல்வார்கள். போனது நல்லதுதான். 1893 மே 11 அன்று பாரீசின் பஃப்பலோ ஓடுதளத்தில் ஒரு மணி நேரத்தில் 35.325 கிலோமீட்டர் ஓட்டி முதல் 'ஒரு மணி நேர சாதனை'யைப் படைத்தார். ஓட்டியது ஃபிக்ஸட் சைக்கிள் என்று சொல்லத் தேவையில்லை.

முதல் தூர் 1903 ஜூலை 1 அன்று பாரீசுக்கு வெளியே மோன்ழெரோன் என்ற ஊரில் ஒரு கஃபேயின் வாசலில் தொடங்கியது. ஆறு கட்டங்கள், 2,428 கிலோமீட்டர். முதல் கட்டமே லியோன்வரை 467 கிலோமீட்டர்! 60 பேர் புறப்பட்டு 21 பேர் முடித்தார்கள். வென்ற மோரிஸ் காரேன் சிறுவயதில் புகைபோக்கி சுத்தம் செய்யும் வேலை பார்த்தவர். இரண்டாவதாக வந்தவரை ஏறக்குறைய மூன்று மணி நேரம் முந்தியிருந்தார். கியர் மாற்றும் வசதி எவரிடமும் இல்லை.

தெக்ராஞ்ஜின் எண்ணம் எளிமையானது. பந்தயம் மனிதனுக்கும் மனிதனுக்கும் நடக்க வேண்டும், இயந்திரத்துக்கும் இயந்திரத்துக்கும் அல்ல. ஆகவே மலைக்கு ஏற்ப செயினை ஒரு பல்சக்கரத்திலிருந்து இன்னொன்றுக்குத் தாவவைக்கும் கருவியை அவர் பந்தயத்தில் வெறுத்தார். அந்தக் கருவிக்குப் பெயர் 'தெராயர்'. ரயில் தண்டவாளத்தைவிட்டு இறங்குவதற்கு பிரெஞ்சில் உள்ள சொல்லிலிருந்து வந்தது, நம் தமிழில் 'தடம் புரட்டி' என்று சொல்லலாம். வெவ்வேறு கியர்கள் 45 வயதைத் தாண்டியவர்களுக்குத்தான், எனக்கு ஃபிக்ஸட்டே போதும் என்ற பொருளில் 1902இலேயே அவர் எழுதிவிட்டார்.

அப்படியானால் மலை ஏறியவர்கள் என்ன செய்தார்கள்? பின்சக்கரத்தின் இருபுறமும் வெவ்வேறு அளவுப் பல்சக்கரம் இருக்கும். மலையடிவாரம் வந்ததும் இறங்கி, நட்டைத் தளர்த்தி, சக்கரத்தைக் கழற்றித் திருப்பிப் போட்டு, மீண்டும் இறுக்கி ஏறுவார்கள். உச்சியில் மறுபடி அதே வேலை. குளிரிலும் மழையிலும் விறைத்த விரலோடு. இத்தாலிக்காரர் துல்லியோ கம்பஞ்ஞோலோ ஒரு மலைப் பந்தயத்தில் பனியில் இந்த நட்டைத் திருக முடியாமல் தவித்ததால்தான், ஒரு நெம்பைத் தள்ளினால் சக்கரம் கையோடு வரும் 'க்விக் ரிலீஸ்' பொறியைக் கண்டுபிடித்தார் என்று ஒரு கதை உண்டு. கதை எப்படியோ, 1930களில் அந்தப் பொறி அவர் பெயரிலேயே விற்பனைக்கு வந்தது.

சாந்தெத்தியேனின் பட்டு வியாபாரி

தெக்ராஞ்ஜுக்கு எதிர்க்கட்சி சாந்தெத்தியேன் நகரில் இருந்தது. போல் தெ விவி, பட்டு வியாபாரத்தை விட்டுவிட்டு சைக்கிள் வியாபாரத்துக்கு வந்தவர். 1887இல் தொடங்கிய தன் பத்திரிகையில் 'வெலோசியோ' என்ற புனைபெயரில் எழுதினார். தொழிலாளியும் ஆசிரியரும் வயதானவரும் சைக்கிளில் ஊர் ஊராகப் போக வேண்டும், மலை ஏற வேண்டும், ஏறியபின் கண்ணால் பார்க்கும் தெம்பு மிச்சமிருக்க வேண்டும் என்பது அவருடைய வாதம். அதற்கு ஒன்றுக்கு மேற்பட்ட கியர் வேண்டும். சாதாரண மனிதனின் கால் பந்தய வீரனின் கால் அல்ல.

அவரைச் சுற்றி அந்த ஊரில் என்னென்னவோ முயன்றார்கள். அங்கே விற்ற 'இரொந்தெல்' என்ற சைக்கிளில் ஒரு வகை உண்டு: முன்னால் மிதித்தால் ஒரு கியர், பின்னால் மிதித்தால் மலை ஏறுவதற்கான இன்னொரு கியர்! வண்டி முன்னால்தான் போகும். பள்ளிக்கூட நாட்களில் ஒரு பழைய பிரெஞ்சுப் புத்தகத்தில் அந்தப் படத்தைப் பார்த்து, எப்படி இது நடக்கும் என்று நானும் என் நண்பனும் நோட்டுப் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் வரைந்து வரைந்து பார்த்தது நினைவிருக்கிறது. அப்போது எங்களுக்கெல்லாம் ஆன்கெத்தீல், புலிதோர் பைத்தியம். புதுச்சேரி வெயிலில் உட்கார்ந்துகொண்டு ஆல்ப்ஸ் மலையின் பெயர்களை வரிசையாக ஒப்பிப்போம்.

சாந்தெத்தியேனுக்கு மேலே 'கொல் தெ லா ரெப்பூப்ளிக்' என்று 1,161 மீட்டர் உயரத்தில் ஒரு கணவாய் இருக்கிறது. 1903இல் முதல் தூர் அந்த வழியாகத்தான் போனது. இன்றும் அங்கே நிற்கும் நினைவுச்சின்னம் வெலோசியோவுக்கு உரியது. 1922 முதல் அவர் பெயரில் அந்த மலையில் சைக்கிள் நாள் கொண்டாடுகிறார்கள். 1930இல் சாந்தெத்தியேனிலேயே டிராம் மோதி அவர் இறந்தார்.

ஸ்டீலும் கொல்லன் பட்டறையும்

பையன் வாங்கியது ஸ்டீல் வண்டி என்பதால் இந்த இடத்தில் ஒரு கதையைச் சொல்லாமல் போக முடியாது. 1913 தூர் பந்தயத்தில் பிரனே மலையின் தூர்மலே கணவாயிலிருந்து இறங்கும்போது ஏழேன் கிறிஸ்தோஃப் என்பவருடைய சைக்கிளின் முன் ஃபோர்க் முறிந்தது. வெல்லும் வாய்ப்பில் இருந்தவர். வெளியார் உதவி வாங்கக் கூடாது என்பது தெக்ராஞ்ஜின் சட்டம். சைக்கிளைத் தோளில் போட்டுக்கொண்டு, பத்து கிலோமீட்டருக்கு மேல் நடந்து, செந்த் மரி தெ காம்பான் என்ற ஊரின் கொல்லன் பட்டறையை அடைந்தார். பந்தய அதிகாரிகள் சுற்றி நின்று பார்க்க, தானே இரும்பைக் காய்ச்சி, தானே அடித்து, ஃபோர்க்கை ஒட்டினார். இரண்டு கைக்கும் வேலை இருந்ததால் துருத்தியை மட்டும் ஒரு சிறுவன் ஊதினான். அது வெளியார் உதவி என்று சொல்லி நேர அபராதம் விதித்தார்கள்!

கோப்பில் எழுதியிருப்பதை எழுத்துப் பிசகாமல் நிறைவேற்றும் அதிகாரியை நான் நேரிலேயே பார்த்திருக்கிறேன் என்பதால் இந்த இடத்தைப் படிக்கும்போதெல்லாம் எனக்குச் சிரிப்பும் வரும், கோபமும் வரும். ஆறு வருடம் கழித்து, 1919இல், முதல் மஞ்சள் பனியனை அணிந்தவர் இதே கிறிஸ்தோஃப்தான். பத்திரிகை மஞ்சள் தாளில் அச்சானதால் பனியனும் மஞ்சள். அந்த வருடமும் முன்னணியில் இருக்கும்போது ஃபோர்க் முறிந்தது. மனிதருக்குக் கொடுத்துவைக்கவில்லை.

ஆனால் அந்தப் பட்டறைக் கதையில் ஒரு பாடம் இருக்கிறது. ஸ்டீல் முறிந்தால் ஒட்டலாம், வளைந்தால் நிமிர்த்தலாம். கிராமத்துக் கொல்லன் உலை போதும். அரை நூற்றாண்டு கழித்தும் ஒரு பழைய ஃபிரேம் சந்தையில் 40 யூரோவுக்குக் கிடைத்து, மறுபடி ஓடுவதற்கு அதுதான் காரணம்.

தெக்ராஞ்ஜ் உடல்நலம் கெட்டு 1936இல் பந்தயப் பொறுப்பை ழாக் கொதேயிடம் விட்டார். அடுத்த வருடமே, 1937இல், எல்லோருக்கும் தெராயர் அனுமதிக்கப்பட்டது. வென்றவர் ரொழே லப்பெபி. வெலோசியோ அதைப் பார்க்க உயிரோடு இல்லை. சாதாரணச் சுற்றுலாக்காரர்கள் கியர் மாற்றி மலை ஏறிக்கொண்டிருந்த காலம் முழுவதும், உலகின் மிகச் சிறந்த வீரர்கள் ஒரு பத்திரிகை ஆசிரியரின் விருப்பத்துக்காகச் சக்கரத்தைக் கழற்றித் திருப்பிப் போட்டுக்கொண்டிருந்தார்கள். பையன் 'அசல்' என்று சொல்வதன் முதல் குறிப்பில் இருக்கும் கையெழுத்து இதுதான்.

மறையாமல் இருந்த இடங்கள்

ஃபிக்ஸட் சைக்கிள் அழிந்துவிடவில்லை. வட்ட ஓடுதளத்தில் அது இன்றும் உண்டு. எல்லோரும் ஒரே திசையில் சுற்றும் இடத்தில், யாரும் திடீரென்று நிறுத்தக் கூடாது என்பதால் அங்கே பிரேக் இல்லாததே பாதுகாப்பு. 1972இல் மெக்சிகோவில் எடி மெர்க்ஸ் 49.431 கிலோமீட்டர் ஓட்டியதும், 2022இல் ஃபிலிப்போ கன்னா 56.792 கிலோமீட்டர் ஓட்டியதும் ஃபிக்ஸட்டில்தான். ஜப்பானில் 1948இல் கொக்குரா நகரில் தொடங்கிய 'கெய்ரின்' சூதாட்டப் பந்தயத்தில் இன்றும் ஸ்டீல் ஃபிரேம் ஃபிக்ஸட் சைக்கிள்தான் ஓடுகிறது.

பிறகு நியூயார்க் போன்ற நகரங்களில் தபால் உறைகளைச் சுமந்து ஓடும் கூரியர் பையன்கள் இதை எடுத்தார்கள். கெடுவதற்குப் பாகங்கள் குறைவு, திருடனுக்கும் ஆசை குறைவு, பராமரிப்புச் செலவும் குறைவு. அவர்களுக்கு அது வயிற்றுப் பிழைப்பு. 2000க்குப் பிறகு அவர்களைப் பார்த்து மற்ற இளைஞர்களுக்கு அது ஃபேஷன் ஆனது. இல்லாதவன் ஓட்டியதை இருப்பவன் ஸ்டைலாக்குவது ஆடையில் மட்டும் நடப்பதல்ல.

குறைந்த செலவில் மாற்றுவது எப்படி

இனி, செய்ய நினைக்கும் பிள்ளைகளுக்காக. பையன் செய்ததைப் படிப்படியாகக் கேட்டு எழுதி வைத்திருக்கிறேன்.

முதலில் பார்க்க வேண்டியது பின்சக்கரம் உட்காரும் வெட்டு. பழைய ஸ்டீல் ஃபிரேமில் அது படுக்கை வாட்டில் நீண்டிருக்கும். சக்கரத்தைப் பின்னால் இழுத்து செயினை இறுக்க முடியும். பிற்கால வண்டிகளில் வெட்டு செங்குத்தாக இருக்கும், இழுக்க இடமிருக்காது. ஃபிக்ஸட்டுக்கு செயின் இறுக்கம்தான் உயிர், ஏனென்றால் தெராயரின் சுருள்வில் இனி இல்லை. தொய்ந்த செயின் கழன்றால் பின்சக்கரம் பூட்டிக்கொள்ளும், ஆள் விழுவான்.

இரண்டாவது, பின்சக்கரம். மலிவாக முடிக்கும் ஒரு குறுக்கு வழி இணையத்தில் சுற்றுகிறது. பழைய ஃப்ரீவீல் ஹப்பிலேயே ஃபிக்ஸட் பல்சக்கரத்தைத் திருகி, மேலே ஒரு பூட்டு வளையத்தைப் போட்டுவிடுவது. உண்மையான ஃபிக்ஸட் ஹப்பில் பூட்டு வளையத்தின் மரை இடதுகை மரை. காலால் பின்னோக்கி அழுத்தும்போது பல்சக்கரம் கழல முயன்றால், அந்த வளையம் மேலும் இறுகும். ஃப்ரீவீல் ஹப்பில் அந்த எதிர்மரை இல்லை, இரண்டும் சேர்ந்தே கழன்றுவிடும். பழைய பிரெஞ்சு ஹப்பில் இன்னொரு தொல்லையும் உண்டு. மரையின் அளவே வேறு, 34.7 மில்லிமீட்டர். ஆங்கில அளவுப் பல்சக்கரம் அதில் ஏறுவது போல் ஏறும், ஆனால் பிடிக்காது. பையன் இங்கே கஞ்சத்தனம் செய்யவில்லை. இருபுறமும் மரை உள்ள ஹப்போடு கோத்த பின்சக்கரத்தைப் புதிதாக வாங்கினான். ஒருபுறம் ஃபிக்ஸட், மறுபுறம் ஃப்ரீவீல் போடலாம். தூர் வீரர்கள் திருப்பித் திருப்பிப் போட்ட அதே சக்கரம்! மொத்தச் செலவில் பாதிக்கு மேல் இதற்குத்தான் போனது.

மூன்றாவது, அகலம். ஐந்து கியர் பின்சக்கரம் இருந்த ஃபிரேமில் இடைவெளி பெரும்பாலும் 120 மில்லிமீட்டர், புதிய ஹப் அப்படியே உட்காரும். ஆறு, ஏழு கியர் வண்டியில் 126 இருக்கும். நீளமான அச்சும் வாஷர்களும் போட்டு நிரப்பலாம்.

நான்காவது, செயின் நேர்கோட்டில் ஓட வேண்டும். முன்னால் இருந்த இரண்டு செயின் வீலில் எது பின் பல்சக்கரத்துக்கு நேராக இருக்கிறதோ அதை மட்டும் வைத்து மற்றதைக் கழற்ற வேண்டும். கிராங்க் அச்சை மாற்ற வேண்டியதில்லை. பழைய பிரெஞ்சு வண்டியில் அந்தக் கப்பின் மரையும் தனி ரகம், புதியது தேடினால் விலை அதிகம். கப்பைக் கழற்றி, மண்ணெண்ணெயில் கழுவி, புதிய பால்ஸும் கிரீஸும் போட்டால் போதும். நம் ஊர்ச் சைக்கிள் கடைக்காரர் ஓவராயில் என்று எதைச் செய்வாரோ அதுதான். பாரீசில் அங்கத்தினராகச் சேர்ந்தால் கருவிகளைக் கொடுத்து நம்மையே பழுதுபார்க்க விடும் கூட்டுப் பட்டறைகள் உண்டு, பையன் அங்கே போய்ச் செய்தான்.

ஐந்தாவது, கணக்கு. ஆங்கிலேயர்கள் கியரை அங்குலத்தில் சொல்வார்கள். பிரெஞ்சுக்காரர்கள் ஒரு மிதிச் சுற்றுக்கு வண்டி எத்தனை மீட்டர் போகிறது என்று சொல்வார்கள், புரிந்துகொள்ள எளிது. முன்னால் 42 பல், பின்னால் 16 பல், சக்கரச் சுற்றளவு சுமார் 2.1 மீட்டர் என்றால் ஒரு சுற்றுக்கு ஏறக்குறைய 5.5 மீட்டர். நிமிடத்துக்கு 90 சுற்று மிதித்தால் மணிக்கு 30 கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவு. நகரத்துக்கு இது தாராளம். ஆனால் இறக்கத்தில் வண்டி 45 கிலோமீட்டர் வேகத்தைத் தொட்டால் கால் நிமிடத்துக்கு 136 முறை சுற்ற வேண்டியிருக்கும். நிறுத்த வழியில்லை. பல்லின் எண்ணிக்கையைத் தேர்ந்தெடுக்கும்போது ஏற்றத்தைவிட இறக்கத்தைத்தான் நினைக்க வேண்டும்.

வளைவில் இன்னொரு கவனம் வேண்டும். சாதாரண வண்டியில் உள்பக்கப் பெடலை மேலே தூக்கி வைத்துச் சாய்வோம். இதில் முடியாது, பெடல் தரையில் தட்டும். சாலை வண்டியின் கிராங்க் அச்சு ஓடுதள வண்டியினுடையதைவிடத் தாழ்வாக இருக்கும் என்பதால் ஆபத்து கூடுதல். குட்டையான கிராங்க் இருந்தால் நல்லது, மெதுவாகத் திரும்புவது அதைவிட நல்லது.

பிரேக்

கடைசி போட்டோவில் ஹேண்டில்பாரில் ஒன்றுமே இல்லை. பிரேக் கம்பிகள், பிடிகள் எல்லாம் கழற்றப்பட்டிருந்தன. போன் போட்டேன்.

"என்னப்பா, பிரேக் எங்கே?"

"கால்தான் தாத்தா பிரேக். அந்தக் காலத்தில் அப்படித்தானே? நீங்கள்தானே சொன்னீர்கள்?"

"அந்தக் காலத்தில் எதிரே வந்தது குதிரை வண்டி. இப்போது எது வருகிறது?"

விளக்கமாகவே சொன்னேன். வேகத்தைக் குறைக்கும்போது எடை முழுக்க முன்னோக்கிச் சாய்கிறது. பின்சக்கரம் லேசாகி விடுகிறது. காலால் பின்சக்கரத்தை எவ்வளவு அழுத்தினாலும் அது வழுக்குமே தவிர நிற்காது. நிறுத்தும் வலு முன்சக்கரத்தில் இருக்கிறது, அதைக் கால் தொட முடியாது. முன் பிரேக் இல்லாத வண்டி நிற்க ஏறக்குறைய இரண்டு மடங்கு தூரம் வேண்டும். பிரான்சில் எந்த சைக்கிளுக்கும் இரண்டு பிரேக் கட்டாயம் என்பது சட்டம்.

லண்டனில் 2016இல் நடந்ததையும் சொன்னேன். முன் பிரேக் இல்லாத ஃபிக்ஸட் சைக்கிளில் வந்த 18 வயதுப் பையன் சாலையைக் கடந்த ஒரு பெண்மணி மீது மோதினான். இரண்டு பிள்ளைகளின் தாய். அவர் இறந்துபோனார். மறு வருடம் நீதிமன்றம் 18 மாதத் தண்டனை கொடுத்தது. குதிரை வண்டிகளை மனதில் வைத்து 1861இல் இயற்றிய சட்டத்தின் கீழ்தான் தண்டிக்க முடிந்தது. தண்டனை முடிந்து பையன் வெளியே வந்திருப்பான். அந்தப் பிள்ளைகளுக்குத் தாய் வரமாட்டாள்.

அவன் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "பிரேக் வைத்தால் பார்க்க நன்றாக இருக்காது தாத்தா" என்றான்.

"தெக்ராஞ்ஜும் கிட்டத்தட்ட இதைத்தான் சொன்னார். உனக்கு அழகு, அவருக்கு வீரம். மலையில் வண்டியைத் தள்ளிக்கொண்டு போனது வேறு ஆட்கள்" என்றேன்.

அவனுடைய வண்டியை நான் குறை சொல்லவில்லை. கழித்துப்போட்ட ஒரு சைக்கிளை மொத்தம் 130 யூரோவுக்குள் தன் கையால் ஓட வைத்திருக்கிறான். சமதளமான நகரத்தில் அந்த வண்டி நன்றாக ஓடும், கெடுவதற்கும் அதிகம் இல்லை. கால் நிற்காமல் சுற்றும்போது சாலையே காலுக்குள் வந்துவிடுகிறது என்கிறான். இருக்கலாம், எனக்கு இந்த முழங்காலோடு சோதித்துப் பார்க்கும் உத்தேசமில்லை. நான் மறுப்பது 'அசல்' என்ற சொல்லை மட்டும்தான். வேறு வழியில்லாமல் இருந்தது முதலில், ஒருவர் பிடிவாதத்தால் நீடித்தது பிறகு, இப்போது ஆசையால் திரும்பி வந்திருக்கிறது. ஆசைக்கு ஓட்டுவதில் தப்பில்லை. நாம் கழற்றும் ஒவ்வொரு பாகமும் யாரோ ஒருவருடைய அவஸ்தைக்கு விடையாக வந்தது என்று தெரிந்து கழற்ற வேண்டும். அப்போதுதான் எதைக் கழற்றலாம், எதைக் கழற்றக் கூடாது என்று புரியும்.

போன ஞாயிறு வந்த போட்டோவில் முன் பிரேக்கும் பின் பிரேக்கும் பழைய இடத்தில் இருந்தன. கழற்றிய தெராயரையும் சின்னச் செயின் வீலையும் பழைய பின்சக்கரத்தையும் எண்ணெய் தடவி ஒரு அட்டைப் பெட்டியில் வைக்கச் சொல்லியிருக்கிறேன். ஃபிரேமில் எதையும் அறுக்கவில்லை, வெல்டிங் வைக்கவில்லை என்பதால் என்றைக்கு வேண்டுமானாலும் பழையபடி மாட்டலாம். 45 வயதைத் தாண்டும்போது அவனுக்குத் தேவைப்படும். அவனுக்கு இப்போது 22.